நியூகாசல்: நிலக்கரியில் பிறந்த நகரம்

ஆஸ்திரேலியா என்றதும் சிட்னி, மெல்பர்ன், பெர்த் ஆகிய பெயர்களே நம் நினைவுக்கு வருகின்றன. சிட்னிக்கு வடக்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில், ஹன்டர் ஆறு கடலோடு கலக்குமிடத்தில் உள்ள நியூகாசலை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். மேற்படிப்புக்காக வெளிநாடு செல்ல எண்ணும் மாணவர்கள் இந்நகரின் கதையையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இது அவபக்கல் எனும் பூர்வகுடியினரின் மண். 1797இல் தப்பியோடிய கைதிகளைத் தேடி வந்த ஜான் ஷார்ட்லன்ட் என்ற கடற்படை அதிகாரி இங்கு நிலக்கரி இருப்பதைக் கண்டார். இரண்டே ஆண்டுகளில் அந்த நிலக்கரி வங்காளத்துக்குக் கப்பலேறியது. 1804இல் கைதிகளின் குடியேற்றம் இங்கு நிலைபெற்றது. மீண்டும் குற்றம் புரிந்தவர்களை இங்கு அனுப்பி, சுரங்கம் தோண்டவும் மரம் வெட்டவும் சுண்ணாம்பு சுடவும் வைத்தனர்.

மொழிப்பற்றுள்ள நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. த்ரெல்கெல்ட் என்ற பாதிரியார், பிராபான் என்ற அவபக்கல் அறிஞரின் துணையோடு அம்மக்களின் மொழிக்கு இலக்கணம் எழுதி 1834இல் வெளியிட்டார். பேச்சு வழக்கிலிருந்து மறைந்துபோன அம்மொழியை மீட்க முயல்வோருக்கு இன்று கைகொடுப்பவை அவ்விருவரின் எழுத்துகளே. நூலின் அட்டையில் பாதிரியாரின் பெயர் உண்டு. சொல் கொடுத்தவருக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

1915இல் பி.எச்.பி. நிறுவனத்தின் எஃகு ஆலை திறக்கப்பட்டது. தந்தைக்குப் பின் மகன் என்று தலைமுறைகளாக அங்கு வேலை பார்த்த குடும்பங்கள் பல. 1989 டிசம்பரில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் 13 பேர் மாண்டனர். பத்து ஆண்டுகள் கழித்து, 1999இல், ஆலையும் மூடப்பட்டது. நகரம் அத்தோடு முடிந்துவிடும் என்று அஞ்சியவர்கள் உண்டு. அப்படி நடக்கவில்லை. அதற்குக் கல்வியும் மருத்துவத்துறையும் முக்கியக் காரணங்கள் என்பது என் கருத்து.

1951இல் சிறு கல்லூரியாகத் தொடங்கி, 1965இல் தனிப் பல்கலைக்கழகமானது நியூகாசல் பல்கலைக்கழகம். 1978இல் முதல் மாணவர்களைச் சேர்த்த அதன் மருத்துவப் பள்ளி, விரிவுரையைக் கேட்டு மனனம் செய்வதை விடுத்து, நோயாளியின் சிக்கலிலிருந்தே பாடத்தைத் தொடங்கும் முறையைக் கையாண்டது. மாணவரைத் தேர்ந்தெடுக்க மதிப்பெண்ணோடு நேர்காணலும் நடத்தியது. 'ஏ'க்களை எண்ணியே வளர்ந்த நமக்கு இது சற்று வியப்பாக இருக்கலாம். 2017இல் பல்கலைக்கழகம் நகரின் நடுவிலேயே புதிய கட்டடம் ஒன்றைத் திறந்தது.

ஆனாலும் நிலக்கரியின் பிடி தளர்ந்துவிடவில்லை. உலகின் மிகப் பெரிய நிலக்கரி ஏற்றுமதித் துறைமுகங்களுள் ஒன்று நியூகாசல். ஜப்பானும் கொரியாவும் தைவானும் இதன் வாடிக்கையாளர்கள். அந்நாடுகள் மாற்று எரிசக்திக்குத் திரும்பத் திட்டமிடும் இக்காலத்தில், 1999இல் எழுந்த அதே கேள்வி துறைமுகத்தின் முன் நிற்கிறது. நோபிஸ் கடற்கரையில் நின்று பார்த்தால், நிலக்கரி ஏற்றச் செல்லும் கப்பல்கள் ஆற்றின் வாயிலில் நுழைவதை இன்றும் காணலாம்.