பழைய கணினியைக் கழித்துவிடாதீர்கள்: விண்டோஸ் 10-க்கு இலவச மாற்று



பிள்ளைகளின் படிப்புக்கும் வாப்பாவின் கடைக் கணக்குக்கும் பல ஆண்டுகளாக உழைத்துவரும் கணினி உங்கள் வீட்டில் இருக்கலாம். அது விண்டோஸ் 10-இல் இயங்கினால் இதைக் கவனியுங்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. கணினி வழக்கம்போல் ஓடும். ஆனால், புதிதாகத் தெரியவரும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்படா. அதில் வங்கிக் கணக்கைத் திறப்பது, தாழ்ப்பாள் பழுதான கதவை நம்பி ஊருக்குப் போவது போன்றது.

விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி தேவை. இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்திய பெரும்பாலான கணினிகளை அது ஏற்காது. அதற்காக நல்ல கணினியைக் காயலான் கடைக்குப் போடுவது வீண்விரயம்.

எதைத் தேர்வது?

லினக்ஸ் இலவசமானது, உரிமக் கட்டணம் இல்லை. அதன் பல வகைகளில், விண்டோஸில் பழகியவர்களுக்கு ‘லினக்ஸ் மின்ட்’ எளிது. கீழே பட்டை, இடது ஓரத்தில் மெனு என்று பழகிய முகமே இருக்கும். 4 ஜிபி ரேம் இருந்தால் போதும். கணினி மெதுவானது என்றால் அதன் ‘எக்ஸ்எஃப்சிஇ’ பதிப்பை எடுங்கள்.

முதலில் உங்கள் வேலையைப் பாருங்கள்

• இணையம், மின்னஞ்சல், ஆன்லைன் வகுப்பு: ஃபயர்பாக்ஸ் உடன் வருகிறது.

• கடிதம், கணக்கு: லிப்ரே ஆபீஸ், வேர்டு, எக்செல் கோப்புகளைத் திறக்கும். சிலவற்றில் பக்க அமைப்பு சற்றே மாறலாம்.

• தமிழ்த் தட்டச்சு: தமிழ்99 விசைப்பலகை உண்டு. பாமினியில் அடித்த பழைய கோப்புகளுக்கு அந்த எழுத்துருவையும் நகலெடுத்து வையுங்கள்.

• டேலி, போட்டோஷாப்: லினக்ஸுக்கான பதிப்பு இல்லை. இவற்றை நம்பித் தொழில் செய்வோர் அவசரப்பட வேண்டாம். வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு மேம்படுத்தல் பெறும் திட்டம் உண்டு. ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்தில் அதில் சேரலாம். அதற்குள் அடுத்த ஏற்பாட்டைச் செய்துகொள்ளுங்கள்.

நிறுவாமலே பார்க்கலாம்

1. மின்ட்டின் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து மட்டும் கோப்பைப் பதிவிறக்குங்கள்.

2. ‘ரூஃபஸ்’ என்ற இலவச மென்பொருளால் அதை 8 ஜிபி பென் டிரைவில் எழுதுங்கள். பென் டிரைவில் இருப்பவை அழிந்துவிடும்.

3. பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். நீங்களாக நிறுவாத வரை வன்தட்டில் உள்ளவை அப்படியே இருக்கும்.

4. வைஃபை, ஒலி, கேமரா, பிரிண்டர் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு நாள் இப்படியே பயன்படுத்துங்கள்.

திருப்தி என்றால் நிறுவலாம். அதற்கு முன் குடும்பப் படங்கள், சான்றிதழ் நகல்கள், கணக்குகள் எல்லாவற்றையும் வெளி வன்தட்டில் எடுத்து, அங்கே திறக்கின்றனவா என்றும் பாருங்கள். நிறுவும்போது ‘வன்தட்டை அழி’ என்பதைத் தேர்ந்தால், போனவை திரும்புவது அரிது.

வீட்டில் விவரம் தெரிந்த பிள்ளை இதை ஒரே நாளில் முடித்துவிடும். ஆனாலும் அந்தக் கணினியை அதிகம் பயன்படுத்துபவர் வாப்பாவோ உம்மாவோ என்றால், அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்குங்கள். அவர் “சரி” என்ற பிறகே நிறுவுங்கள்.