12.6 வோல்ட் காட்டுது, ஆனா மோட்டார் சுத்தல!

அவுட்போர்டு மோட்டார் நம்ம சிலபஸ்ல எங்கேயும் கிடையாது. ஆனா முதல் வருஷம் படிச்ச ஓம் விதி நமக்கு உண்மையிலேயே புரிஞ்சுதான்னு சோதிக்க, படகுக்குப் பின்னால தொங்குற இந்த மோட்டாரை விட நல்ல இடம் இல்லை. நடுக்கடல்ல அது நின்னுபோனா பைக் மாதிரி இறங்கித் தள்ள முடியாது. காத்தும் நீரோட்டமும் இழுக்கிற பக்கம் போக வேண்டியதுதான். அதனால பழுதைக் கரையிலேயே சரியா கண்டுபிடிக்கணும்.

முதல்ல ஒரு விஷயம். நம்ம கடற்கரையில ஃபைபர் படகுகள்ல இருக்கிற சின்ன மோட்டார்கள் பலதும் கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்றவை. அதுக்கு பேட்டரியே வேண்டாம். ஃப்ளைவீல் காந்தம் சுத்தும்போது ஸ்டேட்டர் காயில்ல மின்சாரம் உருவாகி, சி.டி.ஐ. யூனிட்டோட கெப்பாசிட்டர்ல சேர்ந்து, இக்னிஷன் காயில் வழியா பிளக்குக்குப் போகும். பெரிய மோட்டார்ல கூடவே பேட்டரி, ஸ்டார்ட்டர், சோலினாய்டு எல்லாம் வரும். ஆக "ஸ்டார்ட்டர் சுத்தல" வேற நோய், "ஸ்பார்க் வரல" வேற நோய். இரண்டையும் குழப்பினா காசுதான் வீண்.

ஸ்டார்ட்டர் கதையைப் பார்ப்போம். கியர் நியூட்ரல்ல இருக்கு, ஃப்யூஸ் நல்லா இருக்கு. சாவி திருப்பினா "டக்"னு ஒரு சத்தம், அவ்வளவுதான். மீட்டர் வெச்சா பேட்டரியில 12.6, ஸ்டார்ட்டர் வரைக்கும் வர்ற கேபிள்லயும் 12.6. "கரண்ட் வருதே தம்பி, அப்போ ஸ்டார்ட்டர்தான் போச்சு"ன்னு முடிவு பண்ணிடுவாங்க. அவசரப்படாதீங்க.

டிஜிட்டல் மல்டிமீட்டரோட உள் மின்தடை சுமார் 10 மெகா ஓம். அது இழுக்கிறது ஒரு மைக்ரோ ஆம்பியர் அளவுதான். அந்த அளவுக்கு, உப்பு அரிச்சு ஒரே ஒரு இழை மிஞ்சின கேபிள் கூட போதும். முழு வோல்டேஜும் அழகா தெரியும். ஆனா ஸ்டார்ட்டர் 100 ஆம்பியர் கேட்கும்னு வெச்சுக்கோங்க. வழியில 0.03 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கேயே காணாம போயிடும். சரி, அந்த 0.03 ஓமை ஓம் மீட்டர்ல அளக்கலாமேன்னா, மீட்டர் வயரோட சொந்தத் தடையே அதைவிட அதிகம். அளக்கவே முடியாது.

அதனால லோடு ஓடும்போதுதான் அளக்கணும். இதுக்குப் பேர் வோல்டேஜ் டிராப் டெஸ்ட். சிவப்பு முனையை பேட்டரியோட பாசிட்டிவ் கம்பத்துல வைங்க (மேல மாட்டின கிளாம்ப்ல இல்ல, கம்பத்துலயே). கறுப்பு முனையை ஸ்டார்ட்டர் டெர்மினல்ல. இப்போ ஒருத்தர் சாவியைத் திருப்பணும். அந்த நேரத்து ரீடிங் மட்டும்தான் கணக்கு. அரை வோல்ட்டுக்குள்ள இருந்தா அந்தப் பக்கம் சரி. அடுத்து இதே மாதிரி நெகட்டிவ் கம்பத்துக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவுல. இந்த எர்த் பக்கத்தை நிறைய பேர் பார்க்கவே மாட்டாங்க. என் கணக்குல முதல் சந்தேகமே இதுதான். 2, 3 வோல்ட் காட்டினா, முனையை ஒவ்வொரு ஜாயின்ட்டா நகர்த்துங்க. ரீடிங் திடீர்னு எங்க விழுதோ அங்கதான் பழுது. எல்லாம் சரியா இருந்து, சாவி திருப்பும்போது பேட்டரியே 9.6க்குக் கீழ இறங்கினா பேட்டரியைச் சந்தேகப்படலாம்.

அந்த ஜாயின்ட்டைப் பிரிச்சா பெரும்பாலும் பச்சைக் களிம்பு பிடிச்சிருக்கும். உப்புக்காகிதம் போட்டு செம்பு பளபளன்னு தெரியிற வரை தேய்க்கணும். இன்சுலேஷனுக்குள்ள கம்பி கறுத்திருந்தா, நல்ல செம்பு தெரியும் வரை வெட்டி எடுத்துட்டு புது லக் போட்டு அழுத்தணும். மாத்தறதா இருந்தா ஈயம் பூசின கேபிள் வாங்குங்க. முறுக்கி டேப் சுத்தறது கடல்ல நிக்காது.

இப்போ ஸ்பார்க். சி.டி.ஐ. மோட்டார்ல ஸ்டாப் சுவிட்ச் நம்ம வீட்டு சுவிட்சுக்கு நேர் எதிர். வீட்ல இணைப்பைத் துண்டிச்சா லைட் அணையும். இங்க ஸ்டாப் வயரை எர்த்தோட சேர்த்தா எஞ்சின் அணையும். கையில கட்டுற கயிற்றோட கிளிப் கழண்டாலும் நடக்கிறது இதுதான். அதனால சுவிட்சுக்குள்ள உப்புத்தண்ணி போனாலோ, வயர் உரசி பாடியில பட்டாலோ ஸ்பார்க் வராது. ஸ்டாப் வயரை மட்டும் கழட்டிட்டு ஸ்பார்க் டெஸ்டரை எஞ்சின் பிளாக்ல எர்த் பண்ணிப் பாருங்க. ஸ்பார்க் வந்துட்டா சி.டி.ஐ. நல்லா இருக்கு, பழுது சுவிட்ச்லயோ அதோட வயர்லயோதான். பக்கத்துல பெட்ரோல் வாடை இருந்தா இந்த டெஸ்டே வேண்டாம். சி.டி.ஐ. வயர்கள்ல கை வைக்காதீங்க, நூத்துக்கணக்குல வோல்ட் இருக்கும்.

அப்பவும் வரலைன்னா ஸ்டேட்டர், சி.டி.ஐ. பக்கம் போகலாம். சாதாரண மீட்டர் அந்தக் குறுகிய பல்ஸைச் சரியா காட்டாது. பீக் வோல்டேஜ் அடாப்டர் மாட்டி, அந்த மாடலோட சர்வீஸ் மேனுவல்ல உள்ள எண்ணோட ஒப்பிடணும். அதுக்கு முன்னாடி புது சி.டி.ஐ. வாங்கறது லாட்டரி சீட்டு வாங்கற மாதிரி.

சார்ஜிங் பார்க்கணும்னா எஞ்சின் ஓடும்போது பேட்டரியில சுமார் 13.5லிருந்து 14.5 வரை இருக்கணும். ஆனா "பேட்டரி இல்லாம ஓடுதான்னு பார்ப்போம்"னு ஓடுற எஞ்சின்ல டெர்மினலைக் கழட்டிடாதீங்க, ரெக்டிஃபையர் டயோடு போயிடும். கரையில ஓட்டிப் பார்க்கும்போது மோட்டாரோட கீழ்ப்பகுதி தண்ணி நிறைஞ்ச டிரம்முக்குள்ள இருக்கணும். தண்ணி இல்லாம ஓட்டினா உள்ள இருக்கிற ரப்பர் இம்பெல்லர் கொஞ்ச நேரத்துலயே கருகிடும்.