முதலாம் ஆண்டுக்குத் துணை நிற்கும் சீனியருக்கு

முதல் பட்டதாரி சான்றிதழ் காட்டினால் தொழிற்படிப்பில் கட்டணச் சலுகை கிடைக்கும். இன்டர்னல் மார்க் எப்படிப் போடுகிறார்கள், போனஃபைட் எதற்கு, அரியர் வந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் அந்தச் சான்றிதழில் எழுதியிருக்காது. படித்த அண்ணனோ அக்காவோ இருக்கும் வீட்டில் இவை சாப்பாட்டு நேரத்திலேயே காதில் விழுந்துவிடும். மற்ற வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லத்தான் உங்களை மென்டராகப் போட்டிருக்கிறார்கள். பாடம் சொல்லித் தருவதெல்லாம் அப்புறம்.

செய்ய வேண்டியவை

• முதல் மாதமே உதவித்தொகை விஷயத்தைப் பாருங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிக்குப் புதுமைப் பெண், மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன்; மாதம் 1,000 ரூபாய். "பேங்க் அக்கவுன்ட் இருக்கா?" என்றால் எல்லோரும் இருக்கிறது என்பார்கள். ஆதார் இணைந்திருக்கிறதா என்று கேளுங்கள். பணம் சிக்குவது பெரும்பாலும் அங்கேதான்.

• அலுவலக ஜன்னலுக்கு முதல் தடவை கூடவே போங்கள். கடிதம் வேண்டும், அதில் வகுப்பு ஆசிரியர் கையெழுத்து, பிறகு துறைத் தலைவர் கையெழுத்து என்று எங்கும் எழுதி ஒட்டியிருக்காது. "நாளைக்கு வா" என்றதும் பேசாமல் திரும்பிவிடும் பிள்ளைகள் இவர்கள். "என்ன சார் குறையுது?" என்று நீங்கள் கேட்டுக் காட்டுங்கள். அடுத்த தடவை தள்ளி நில்லுங்கள், அவரே கேட்கட்டும்.

• வருகைப்பதிவைக் கணக்காகவே போட்டுக் காட்டுங்கள். அறுவடை, ஊர்த் திருவிழா என்று பத்து நாள் போய்விட்டு, லீவு லெட்டர் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள். 75 சதவீதம் கட்டாயம் என்றால், 90 வேலை நாளில் 22 நாள்தான் கையிருப்பு. காய்ச்சலும் அதற்குள்தான் வரவேண்டும்.

• தமிழ் வழியில் படித்து வந்தவர் குறிப்பைத் தமிழிலேயே எடுக்கட்டும், கலைச்சொல்லை மட்டும் ஆங்கிலத்தில். பழைய வினாத்தாள்களைக் கொடுங்கள்.

செய்யக்கூடாதவை

• "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்காதீர்கள். பிறகு அவர் எதையும் கேட்கமாட்டார்.

• அப்பா என்ன வேலை, என்ன சாதி, கட்-ஆஃப் எவ்வளவு என்று விசாரிக்காதீர்கள். படிவத்துக்குத் தேவையென்றால் தனியாக.

• அவர் ரெக்கார்டை நீங்கள் எழுதாதீர்கள். உங்களுடையதை அவரிடம் தள்ளவே தள்ளாதீர்கள். தமிழ்நாட்டில் 1997 முதல் ராகிங் தடைச் சட்டம் இருக்கிறது. "நம்ம பையன்தானே" என்பதற்கு அதில் விலக்கு கிடையாது.

• கடன் கொடுக்காதீர்கள். மறுநாளே உங்களைக் கண்டால் ஒதுங்கிப் போவார். தேர்வுக் கட்டணத்துக்கு வழியில்லை என்றால் துறைத் தலைவரிடம் அழைத்துப் போங்கள்.

• "யார்கிட்டயும் சொல்லாதீங்கண்ணா" என்றால் சரியென்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். சாப்பாடு, தூக்கம் இல்லாமல் ஒரு பிள்ளை ஒடுங்கிக் கிடந்தால், விடுதிக் காப்பாளரிடமோ ஆசிரியரிடமோ அன்றைக்கே சொல்லியாக வேண்டும். இது உங்கள் தலைக்கு மேலான வேலை.

• ரிசல்ட் வரும் வாரத்தில் மட்டும் காணாமல் போய்விடாதீர்கள். அரியர் என்றால் வீட்டில் ஃபெயில்; ஃபெயில் என்றால் ஒரு வருஷம் போச்சு, வேலைக்குப் போகட்டும் என்ற பேச்சு கிளம்பிவிடும். அவர் சம்மதித்தால் அப்பாவிடம் போனில் நீங்களே பேசுங்கள்: வகுப்பு நிற்காது, அந்தப் பேப்பரை அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம் என்று. மறுமதிப்பீட்டுக்குக் கடைசித் தேதியைப் பையனிடம் சொல்லிவிட்டு போனை வையுங்கள்.