ஐதரும் நைதரும் நானும்

இலங்கை மலையகத்தின் எல்ல ரயில் நிலையத்திலிருந்து கடைத்தெருவுக்கு இறங்கும் பாதையோரத்தில், ஒரு காலத்தில் என்னிடம் ஆங்கிலம் படித்த மாணவனொருவன் நான்கு மேசைகளைப் போட்டு ஒரு சாப்பாட்டுக் கடை நடத்தி வருகிறான். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், மாலை வேளைகளில் அங்கே ஒரு பிளேன்டீயை முன்னால் வைத்துக்கொண்டு, எல்லப் பாறை ஏறி இறங்கிக் களைத்து வரும் அந்நிய தேசத்துப் பிரயாணிகளின் சம்பாஷணையைக் கேட்டுக்கொண்டிருப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. உபாத்தியாயனுக்குக் காது ஓய்வு பெறுவதில்லை போலும்.

ஒரு நாள் வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று வந்து அமர்ந்தது. தான் மீன் உண்பதில்லை என்று மனைவி சொல்ல, கணவர் சுருக்கமாக, 'நைதர் டூ ஐ' என்றார். என் மாணவன் பணிவுடன் தலையசைத்து உள்ளே போய், அம்மாளுக்குப் பருப்பும் காய்கறியும், ஐயாவுக்குத் தாராளமாக மீன்குழம்பும் கொண்டுவந்து வைத்தான். அவர்கள் போனபின், திரும்பி வந்த மீன்குழம்பைப் பார்த்தபடி அவன் என்னிடம் முறையிட்டான்: "சேர், அவர் 'டூ ஐ' என்றுதானே சொன்னார்? 'டோன்ட்' என்ற சொல்லே அவர் வாயிலிருந்து வரவில்லையே!"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. நம் பாஷையில் மறுப்பு என்பது வினைச்சொல்லோடு ஒட்டிக்கொண்டு வாக்கியத்தின் கடைசியில் வந்து சேரும் விருந்தாளி. 'மாட்டேன்', 'இல்லை', 'வேண்டாம்' என்று ஏதேனும் ஒன்று வாசலில் வந்து நிற்கும்வரை நாம் காத்திருந்து பழகியவர்கள். ஆங்கிலமோ 'நைதர்' என்ற சொல்லின் முதலெழுத்திலேயே மறுப்பை முடித்துவிட்டு, மீதி வாக்கியத்தைச் சம்மதம் போலத் தோன்றும்படி நடத்திச் செல்கிறது. தலையில் நின்றதைக் கவனியாமல் வாலுக்காகக் காத்திருந்தவன் ஏமாந்துபோவது இயல்பே.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 'நான் மீன் சாப்பிடுவேன்' என்று ஒருவர் சொன்னாலும் 'நானும்' என்கிறோம். 'சாப்பிட மாட்டேன்' என்று சொன்னாலும் அதே 'நானும்' என்கிறோம். நம்முடைய 'உம்' இரண்டு வீட்டுக் கலியாணத்துக்கும் போய்வருவது. ஆங்கிலத்தில் சம்மதத்துக்கு 'மீ டூ' என்றால் மறுப்புக்கு 'மீ நைதர்' என்றோ, சற்று மரியாதையான நடையில் 'நைதர் டூ ஐ' அல்லது 'ஐ டோன்ட், ஐதர்' என்றோ சொல்லவேண்டும். மறுப்புக்குப் பின்னே 'மீ டூ'வில் வரும் அந்த 'டூ'வைப் போட்டு 'ஐ டோன்ட் ஈட் ஃபிஷ் டூ' என்று பேசாத மாணவனை என் நாற்பது வருஷ உத்தியோகத்தில் நான் சந்தித்ததில்லை. என் இளமையில் நானே அப்படிப் பேசியவன்தான்.

வகுப்பிலே இதை விளக்க, வியாகரணப் புத்தகத்தைக் காட்டிலும் தேயிலைத் தோட்டத்து ஆள்வரவுப் பதிவேடான செக்ரோல் எனக்கு அதிகம் உதவிற்று. அதில் ஓர் ஆளுக்கு ஒரு நாளுக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் வேலைக் கணக்கு, மட்டுமே விழும். இரண்டு பேர் போட்டால் கணக்கப்பிள்ளை அகப்பட்டுக்கொள்வார். மறுப்பும் அவ்வாறே. அதை 'நைதர்' என்று தலைப்பிலே போட்டுவிட்டால் வினையிலே 'நாட்' போடலாகாது. வினையிலே 'நாட்' போட்டுவிட்டால் 'ஐதர்' என்ற வெறுங்கையுடன்தான் வாக்கியம் முடியவேண்டும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பிள்ளைகள் இதைக் கேட்டவுடன் சிரித்துப் புரிந்துகொண்டார்கள்.

ஆயினும் இந்தப் பாடத்தை நான் கற்றுக்கொண்ட விதம் சிரிப்புக்குரியதன்று. 1970களின் தொடக்கத்தில், உபாத்தியாயனாகச் சேர்ந்த புதிதில், தோட்டத்து மக்களுக்குப் பெட்டிசம் எழுதிக் கொடுப்பது என் சம்பளமில்லாத இரண்டாவது உத்தியோகமாக இருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் மலையகத்துத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டு அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமா அம்மையாரும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி அவர்கள் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்ட பிற்பாடு, அந்தப் பங்கில் தாம் எந்தப் பக்கம் விழுந்தோம் என்று அறியாமல் கடிதத்துக்குக் காத்திருந்தவர்கள் லயத்துக்கு லயம் இருந்தார்கள். அவர்களுள் ஒரு முதியவர், இரு நாட்டு உத்தியோகத்தருக்கும் எழுதி எவரிடமிருந்தும் விடை பெறாதவர், வேட்டி மடிப்பில் பழைய ரசீதுகளைச் சுற்றி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நானும் என் புலமையெல்லாம் விளங்கும்படி, இந்தியாவும் இலங்கையும் இவருக்குப் பிரஜாவுரிமை வழங்கவில்லை என்பதை, 'நைதர் இண்டியா நார் சிலோன் ஹேஸ் நாட் கிவன்' என்று எழுதி, அவரையும் அழைத்துக்கொண்டு நகரத்து அலுவலகமொன்றுக்குச் சென்றேன்.

அங்கிருந்த லிகிதர் கடிதத்தை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "அப்படியானால் இவருக்கு இரண்டு தேசமுமே கிடைத்துவிட்டதே, பிறகென்ன விண்ணப்பம்?" என்று கேட்டார். பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்தார்கள். "என்ன வாத்தியாரய்யா சிரிக்கிறாங்க, காரியம் ஆயிடுச்சா?" என்று முதியவர் என் காதருகில் கேட்டது இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. "ஒரு சொல் கூடிப் போச்சு தாத்தா" என்றேன். வாசற்படியில் உட்கார்ந்து அந்த 'நாட்'டை நீக்கி மறுபடியும் எழுதிக் கொடுத்தேன். லிகிதர் வாங்கி வைத்துக்கொண்டார்.

அந்த ஒப்பந்தமே எனக்கு இரண்டாவது விதியையும் கற்பித்தது. 'ஐதர்', 'நைதர்' என்பவை இரண்டுக்கு மாத்திரம் உரியவை. மூன்றாகிவிட்டால் 'எனி', 'நன்' என்று வேறு சொற்களை நாடவேண்டும். இரு தேசங்கள் செய்த ஒப்பந்தமாயினும் அதிலே கணக்கு மூன்றாக இருந்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவதற்கு. 1974இல் அந்த மூன்றாம் தொகுதியையும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டபோதுதான் கணக்கு மறுபடி இரண்டாயிற்று. காகிதத்தில் ஆயிற்று என்று சொல்லவேண்டும். நாடற்றவராக மிஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்க 2003ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது.

எல்லவில் வழிகாட்டிகளாக இருக்கும் பையன்கள் இந்த இரண்டு என்ற எல்லையைத் தினமும் மீறுகிறார்கள். சின்னச் சிவனொளிபாதமா, எல்லப் பாறையா என்று கேட்பவருக்கு 'ஐதர் இஸ் குட்' என்று சொல்வது அழகான விடை. இராவணன் நீர்வீழ்ச்சியையும் சேர்த்து அவர் மூன்றாகக் கேட்டால் 'எனி ஆஃப் தெம்' என்றுதான் சொல்லவேண்டும். முன்னதில் 'இஸ்' வந்ததையும் கவனிக்க. இடம் இரண்டானாலும் பேச்சு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதால் வினை ஒருமை.

வினையின் விஷயத்தில் நாம் தடுமாறுவதற்கும் தாய்மொழியே காரணம் என்பது என் அபிப்பிராயம். 'கங்காணியும் வரவில்லை, ஆட்களும் வரவில்லை' என்கிறோம். ஒருவருக்கும் பலருக்கும் 'வரவில்லை' ஒன்றே. ஆங்கிலத்தில் 'நைதர் – நார்' இணையில் வினைக்கு அருகே நிற்பவர் யாரோ அவரே அதை ஆளுகிறார்: ஆட்கள் பின்னால் நின்றால் 'வேர்', கங்காணி பின்னால் நின்றால் 'வாஸ்'. சந்தேகம் வருமிடத்தில் பன்மையைப் பின்னால் நிறுத்திவிடுங்கள். காதுக்கும் இதமாக இருக்கும், பிழையும் நேராது.

ஒரு சொல் மட்டும் இந்த விதிகளையெல்லாம் பார்த்து நகைக்கிறது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தைப் பற்றிய கட்டுரையொன்றை மொழிபெயர்க்கச் சொன்னபோது, 'ஆன் ஐதர் சைட்' தேயிலை இருக்கிறது என்ற வாசகத்தை ஒரு மாணவி 'ஏதோ ஒரு பக்கத்தில்' என்று மொழிபெயர்த்திருந்தாள். 'ஐதர்' என்றால் இரண்டில் ஒன்று என்று சொல்லிக் கொடுத்தவன் நானே ஆகையால் அவளைக் கடிந்துகொள்ள முடியவில்லை. பக்கம், கரை, முனை, கை என்று இயல்பாகவே இரட்டையாக அமைந்தவற்றோடு சேரும்போது அச்சொல் 'இருபுறமும்' என்ற பொருளைத் தரும் என்பதைத் தனியாகவே நெட்டுருப் பண்ணவேண்டும்.

மீன்குழம்புச் சம்பவம் நடந்து சில வாரங்களுக்குப் பின், என் மாணவன் மேசையைத் துடைத்துக்கொண்டே மற்றொரு சந்தேகம் கேட்டான். சில பிரயாணிகள் 'ஐதர்' என்கிறார்கள், சிலர் 'ஈதர்' என்கிறார்கள், எது சரி? இரண்டுமே சரி, எதையும் சொல்லலாம் என்ற கருத்தில், ஆங்கில உபாத்தியாயனுக்குரிய பழக்கத்தினால், "ஐதர்" என்று ஒரே சொல்லில் விடை கூறினேன். அவன் "சரி சேர்" என்றான். அன்று முதல் 'ஈதர்' என்று சொல்லும் அமெரிக்கர்களைத் தன் கடையில் அவன் பணிவாகத் திருத்திக்கொண்டிருக்கிறான்.