தீப்பொறியைத் தேடி

பல ஆண்டுகளாகக் கொட்டகையில் நின்ற பழைய டிராக்டர் ஒன்று கிளம்ப மறுக்கிறது. எஞ்சின் சுழல்கிறது, எரிபொருளும் இருக்கிறது. ஆனால், தீப்பொறி இல்லை. அதனைப் பழைய இரும்புக்கு விற்றுவிடலாமா? அந்த முடிவுக்கு வருமுன், விரல் நகத்தைவிடச் சிறிய இரு உலோக முனைகளைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஃபோர்டு 8என் டிராக்டரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 1947 முதல் 1952 வரை தயாரிக்கப்பட்ட இவ்வகை டிராக்டர்களின் எண்ணிக்கை 500,000ஐத் தாண்டியது. அந்நாட்டில் இவற்றைப் பேணி இயக்குவோர் இன்றும் உள்ளனர்.

இதன் மின்கலம் தருவது 6 வோல்ட் மட்டுமே. தீப்பொறியை உண்டாக்க அது போதாது. ‘பாயிண்ட்’ எனப்படும் அவ்விரு முனைகளும் தொட்டுக்கொள்ளும்போது, ‘காயில்’ எனும் கம்பிச் சுருளில் மின்னோட்டம் பாய்ந்து காந்தப்புலம் உருவாகிறது. முனைகள் விலகும் கணத்தில் அக்காந்தப்புலம் மறைய, சுருளில் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் எழுகிறது. அதனை ‘டிஸ்டிரிபியூட்டர்’ நான்கு ஸ்பார்க் பிளக்குகளுக்கும் முறையே பகிர்ந்தளிக்கிறது. பிளக்கில் தெறிக்கும் பொறி எரிபொருளைப் பற்றவைக்கிறது.

டிராக்டர் நெடுநாள் ஓடாமல் நின்றால், முனைகளின்மீது மெல்லிய ஆக்சைடு படலம் படிந்துவிடும். 6 வோல்ட் மின்சாரம் அதனைக் கடக்கத் திணறும். முதலில் மின்கல இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பிறகு, மெல்லிய அரத்தால் முனைகளை இலேசாகத் தேய்த்து, தூய தாளால் துடைக்க வேண்டும். மணல்தாள் கூடாது, அதன் துகள்கள் முனைகளில் ஒட்டிக்கொள்ளும். இறுதியாக, முனைகள் முழுமையாக விலகி நிற்கும்போது இடைவெளியை அளக்க வேண்டும். டிஸ்டிரிபியூட்டர் எஞ்சினின் முன்புறம் அமைந்த தொடக்ககால டிராக்டர்களில் அது ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.

அந்த டிராக்டர்களில் விசிறிக்குப் பின்னால் கை நுழைய இடம் போதாது. ஆகவே, டிஸ்டிரிபியூட்டரையே கழற்றி மேசைமீது வைத்துச் சரிசெய்வர். அதனைத் திரும்பப் பொருத்தும்போது அவசரம் கூடாது. அதன் இணைப்பு நாக்கு நடுவிலிருந்து சற்றே விலகி இருப்பதால், ஒரே நிலையில்தான் பொருந்தும். பொருந்துமுன் திருகுகளை இறுக்கினால் உறுப்பு உடையும். மெல்லத் திருப்பிப் பார்த்தால் தானாக உள்ளே அமரும்.

எஞ்சின் ஓடாதபோது சாவியை இயக்க நிலையில் விடுவதும் தவறு. முனைகள் மூடியிருந்தால், மின்சாரம் இடைவிடாது பாய்ந்து காயிலைச் சுட்டுக் கெடுத்துவிடும்.

சிலர் பாயிண்ட், காயில், பிளக் அனைத்தையும் ஒரே நாளில் மாற்றிவிடுகின்றனர். டிராக்டர் கிளம்பக்கூடும், ஆனால், பழுது எங்கிருந்தது என்பது தெரியாமலே போகும். அடுத்த முறை அது நின்றால், மீண்டும் இருட்டில்தான் தேட வேண்டும். ஒவ்வொன்றாகச் சோதித்தவருக்கோ, எங்கே தொடங்குவது என்பது அப்போது தெரிந்திருக்கும்.