மலைக்காட்டு ஹோலி

கேள்வி: கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் சிவப்புப் பழங்களோடு வரும் ஹோலி இனத்தில் நம் நாட்டு மரமும் உண்டா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: உண்டு. அட்டையில் வருவது ஐரோப்பிய ஹோலி. அதே ஐலெக்ஸ் பேரினத்தைச் சேர்ந்த பல மரங்கள் நம் மலைகளில் வளர்கின்றன. உங்கள் நீலகிரிச் சோலைகளில் நிற்கும் ஐலெக்ஸ் வைட்டியானாவும் அதில் ஒன்று.

எனக்குக் கவலை தருவது மேகாலயாவின் ஐலெக்ஸ் காசியானா. ஏறக்குறைய 1,960 மீட்டர் உயரமுள்ள ஷில்லாங் சிகரத்தையும் அதன் சுற்றுப்புறக் காடுகளையும் விட்டால் அதற்குப் பெரிதாக வேறு போக்கிடம் இல்லை. சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக இருக்கிறது.

இந்தக் குடும்பத்தில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண் மரம் காய்க்க, பூச்சிகள் மகரந்தம் கொண்டுவரும் தொலைவில் ஆண் மரம் இருக்க வேண்டும். காடு துண்டானால் அந்தத் துணை போய்விடும். விதையும் எளிதில் முளைக்காது. கரு முதிராமலே உதிர்வதால் நெடுநாள் உறங்கிக் கிடக்கும். எனவே நாற்றங்காலில் கன்று வளர்த்தால் மட்டும் போதாது, இருக்கும் காட்டையே காக்க வேண்டும்.

உங்கள் ஊர்ச் சோலை மரங்களையும் அறிந்துகொள்ளுங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.