கண் முகாமுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு

பேனரில் ‘இலவசம்’ என்று போட்டால் கூட்டம் வந்துவிடும். வந்த பிள்ளைக்குப் பார்வை தெளிவது அதற்குப் பிறகு நடக்க வேண்டிய வேலை. அதற்காகச் சில வார்த்தைகள்.

1. பிள்ளையே வந்து சொல்லும் என்று இருக்காதீர்கள். ஆரம்பம் முதலே மங்கலாகப் பார்க்கும் பிள்ளைக்கு, எல்லாருக்கும் அப்படித்தான் தெரிகிறது என்ற நினைப்பு. பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவது யார், கண்ணைச் சுருக்குவது யார் என்று டீச்சரிடம் கேளுங்கள். ‘மக்கு’ என்று பெயர் வாங்கிய பிள்ளையை முதலில் கூப்பிடுங்கள்.

2. பிள்ளைக்கும் சார்ட்டுக்கும் இடையே ஆறு மீட்டரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். காலடிக் கணக்கு உதவாது. ஒவ்வொரு கண்ணாகச் சோதியுங்கள். மற்ற கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடச் சொல்லுங்கள். விரலால் மூடினால் இடுக்கு வழியே பார்த்துவிடும். எழுத்துப் படிக்காத குழந்தைக்கு ‘E’ சார்ட் போதும், அந்த எழுத்தின் கால் எந்தப் பக்கம் என்று கையால் காட்டட்டும். அடுத்த பிள்ளை அறைக்கு வெளியே நிற்க வேண்டும். காதில் விழுந்ததை மனப்பாடமாக ஒப்பிப்பதில் நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்.

3. சொட்டு மருந்து விடாமல் சின்னப் பிள்ளைக்குப் பவர் எழுத விடாதீர்கள். அதன் கண் தசை இறுக்கி இறுக்கிப் பார்க்கும். அதைத் தளர்த்தாவிட்டால் பவர் தப்பாக வரும். மருந்து விட்டால் ஒரு நாள் போல மங்கும், வெளிச்சம் கூசும். இதை அம்மாவிடம் முன்பே சொல்லுங்கள். இல்லையென்றால் ‘முகாமுக்குப் போய்க் கண் கெட்டது’ என்று தெரு முழுக்கப் பேச்சாகிவிடும்.

4. ‘மாறுகண் அதிர்ஷ்டம்’ என்பார் பாட்டி. அவரோடு சண்டை வேண்டாம். மூளை ஒதுக்கிய கண் சோம்பேறிக் கண்ணாகிவிடும் என்றும், ஏழெட்டு வயதுக்குள் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை மூடிப் பழக்கினால் பெரும்பாலும் மீட்கலாம் என்றும் பொறுமையாகச் சொல்லுங்கள்.

5. கண்மணி வெள்ளையாக மினுங்கினால் அடுத்த முகாம் வரை பொறுக்கக் கூடாது. புரையாக இருக்கலாம், விழித்திரைப் புற்றாகவும் இருக்கலாம். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. குறைமாதத்தில் பிறந்த, இரண்டு கிலோ எடை இல்லாத குழந்தைக்கும் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைச் சோதனை முடிந்திருக்க வேண்டும்.

6. பொழுது சாய்ந்ததும் தடுமாறும் பிள்ளைக்கு வைட்டமின் ஏ கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். 9 மாதத்தில் தொடங்கி 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு தரம் தர வேண்டிய மருந்து அது. முருங்கைக்கீரையையும் நினைவுபடுத்துங்கள்.

7. வைத்தியம் இலவசம், பஸ் காசும், அம்மா இழக்கும் ஒருநாள் கூலியும் இலவசம் அல்ல. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, முகாமில் தேர்வானவர்களைப் பஸ்ஸில் கூட்டிப்போய், சாப்பாடும் போட்டு, திரும்பக் கொண்டுவந்து விட்டது. காசு கொடுத்தவர்களின் கட்டணம் கொடுக்க முடியாதவர்களையும் தாங்கியது. மேல்சிகிச்சைக்குச் சீட்டு எழுதும்போதே ‘யார் கூட்டிப்போவார்?’ என்று கேளுங்கள். அரசு வழியும் தெரிந்திருக்கட்டும்: 2013 முதல் நடக்கும் தேசியச் சிறார் நலத் திட்டத்தில் 18 வயது வரை பரிசோதனையும் மேல்சிகிச்சையும் உண்டு.

8. ஃபிரேமைப் பிள்ளையே எடுக்கட்டும். ‘சோடாபுட்டி’ என்று ஒருவன் சொன்னால் கண்ணாடி பைக்குள் போய்விடும். பெண்பிள்ளை என்றால் வீட்டில் கல்யாணக் கவலையும் எழும். ஆகவே வகுப்போடும் பேசுங்கள், அப்பாவோடும் பேசுங்கள்.

9. சில மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் வகுப்புக்குள் போய் நில்லுங்கள். எத்தனை பேர் கண்ணாடி போட்டிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். உடைந்ததை மாற்றுங்கள், வருஷம் ஒருமுறை பவர் பாருங்கள், வளரும் கண் மாறும். அறிக்கையில், கொடுத்த கண்ணாடிகளின் கணக்குக்கு மேலே போட்டிருப்பவர்களின் கணக்கை எழுதுங்கள்.